டிரஸ்ஸர் சின்னமுத்து பார்த்த வேலைகள்

சூரியநெல்லிக்கு மேலே கரடிப்பாறை எஸ்டேட்டில் பத்தொன்பது வருஷம் காயத்துக்குக் கட்டுப் போட்டவர் சின்னமுத்து. எஸ்டேட் ஆஸ்பத்திரி என்று பெயரே தவிர, இரண்டு அறையும் ஒரு வராந்தாவும்தான். டாக்டர் மாதத்துக்கு இரண்டு தடவை ஜீப்பில் வந்து, டீ குடித்து, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். மற்ற நாளெல்லாம் கவாத்துக் கத்தி பட்ட கை, அட்டை கடித்துப் புண் வைத்த கால், குளிர்காய்ச்சல், வயிற்றுப்போக்கு, தலைப்பிரசவத்துக்குப் பயந்துபோன பெண் எல்லாம் வந்து நின்றது இவர் முன்னால்தான். லயத்து வரிசைவீட்டுச் சனம் அவரை 'டிரஸ்ஸரய்யா' என்றது. அவர் பெயர் சின்னமுத்து என்பதே பலருக்குத் தெரியாது.

அவர் படித்து டிரஸ்ஸர் ஆகவில்லை. போடிப் பக்கத்திலிருந்து மலையேறி வந்தபோது கிடைத்தது ஆஸ்பத்திரியைக் கூட்டிக் கழுவும் வேலை. கைக்கு ஆள் இல்லாத நேரத்தில் விளக்கைப் பிடி என்றார்கள், பிடித்தார். அப்புறம் காலைப் பிடி என்றார்கள். அப்புறம் கத்தரியை எடு என்றார்கள். இரண்டு வருஷத்தில் துடைப்பத்தை வேறொருவர் வாங்கிக்கொண்டார். யாரும் உத்தரவு எழுதிக் கொடுத்து நடந்த காரியமில்லை. அந்த எழுதாத உத்தரவுதான் பிற்பாடு அவர் தலையில் விழுந்தது.

ஐம்பத்தைந்தாம் வருஷம் ஆடி மாதம். மழை விடாமல் பிடித்திருந்தது. எஸ்டேட்டை நடத்திய துரை ஆபீசுக்குக் கூப்பிட்டு அனுப்பினார். உட்காரச் சொன்னார். அப்படி உட்காரச் சொன்னதிலேயே சின்னமுத்துவுக்குப் பாதி விளங்கிவிட்டது. புதுச் சட்டம் வந்திருக்கிறது, இனி மருந்து தொடுகிற ஆளுக்குச் சர்டிபிகேட் இருக்க வேண்டும், கம்பெனியிலிருந்து கடிதம் வந்துவிட்டது, தன் கையில் ஒன்றுமில்லை என்று துரை மெதுவாகச் சொன்னார். வேண்டுமானால் களைவெட்டில் பெயர் போட்டுத் தருவதாகவும் சொன்னார். சின்னமுத்து வெளியே பார்த்துக்கொண்டே இருந்தார். பிள்ளைக்குப் பேதி நின்றதா இல்லையா என்று தினமும் தன்னிடம் வந்து சொன்ன பெண்களுக்குப் பக்கத்தில், அதே சரிவில், தான் குனிந்து களை வெட்டுவதை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. வேறே ஏதாவது பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டு எழுந்தார். அன்றைக்கு அவருக்கு வயது நாற்பத்தெட்டு.

புதுக் கம்பவுண்டர் மிக்கேல்ராஜ் நாகர்கோவில் பக்கத்துப் பையன். இருபத்துநாலு வயது இருக்கும். ஒரு டிரங்குப் பெட்டியும், கண்ணாடி போட்ட சர்டிபிகேட்டுமாக வந்து இறங்கினான். அவனை வெறுக்க வேண்டும் என்றுதான் சின்னமுத்து சாவியை எடுத்துக்கொண்டு போனார். அவனோ வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, "அண்ணாச்சி, எனக்கு ஒண்ணும் தெரியாது. நீங்க சொல்லிக் குடுத்தாத்தான் உண்டு" என்றான். அப்புறம் எங்கே வெறுப்பது? எந்த பாட்டிலில் லேபிள் மாறியிருக்கிறது, எந்த லயத்தில் யாருக்கு வலிப்பு வரும், எந்தப் பெண் வயிற்றுவலி என்று வந்தால் புருஷன் அடித்திருக்கிறான் என்று அர்த்தம், எல்லாவற்றையும் ஒரு முழுப்பகல் உட்கார்ந்து சொன்னார். அவன் நோட்டில் எழுதிக்கொண்டான். சாயங்காலம் வெளியே வந்தபோதுதான், பத்தொன்பது வருஷமும் ஒரு நோட்டில் முக்கால்வாசிக்குள் அடங்கிவிட்டது அவருக்கு உறைத்தது.

ஸ்டாப் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய எட்டு நாள் கொடுத்தார்கள். நல்லவேளை, மனைவி அழகுத்தாய்க்குக் கொழுந்து எடுக்கிற ஆளாக, செக்ரோல் என்ற கூலிப் பதிவேட்டில் பெயர் இருந்தது. டிரஸ்ஸர் பெண்டாட்டி எதற்குக் கூடை சுமக்க வேண்டும் என்று ஊர் கேட்டபோதெல்லாம் அவள் சிரித்துவிட்டு மலைக்குப் போனவள். அவளுக்கென்று கிடைத்த லயத்து அறையில் இருவரும் குடியேறினார்கள். பிள்ளைகள் தங்கவில்லை. பிறந்த மூன்றும் காய்ச்சலில் போயின. ஒரே அறை, அதிலேயே அடுப்பு.

முதல் சில வாரம் சின்னமுத்து பட்ட பாடு சொல்லி முடியாது. விடியக் காலையில், ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குச் சங்கு ஊதும். பத்தொன்பது வருஷப் பழக்கம், கண் தானாக விழிக்கும். எழுந்து முகம் கழுவி, காக்கிக் கோட்டைப் போட்டு, பொத்தானையும் மாட்டிவிட்டு, போக இடமில்லாமல் அப்படியே பாயில் உட்காருவார். அழகுத்தாய் படங்குத் துணியை இடுப்பில் கட்டிக்கொண்டு, கூடையை எடுத்துக்கொண்டு, அவரைத் தாண்டிப் போவாள். பகலில் அவர்தான் கஞ்சி காய்ச்சினார். அடுத்த வீட்டுக்காரிகள் பார்க்கக் கூடாதென்று கதவைச் சாத்திக்கொண்டு காய்ச்சினார். புகை போக வழியில்லாமல் கண் சிவந்து கிடப்பார். சாயங்காலம் வந்து பார்க்கிறவளுக்கு, புகையா அழுகையா என்று தெரியாது. கேட்கவும் மாட்டாள்.

சர்டிபிகேட்டுதானே, எழுதி வாங்கிவிட்டால் என்ன என்று ஒரு யோசனை வந்தது. கீழே இறங்கி, இரண்டு பஸ் மாறிப் போய் விசாரித்தார். பரீட்சைக்கு உட்காரவே பள்ளிக்கூடத்தில் இன்ன வகுப்பு தேறியிருக்க வேண்டும் என்றார்கள். சின்னமுத்து படித்தது ஐந்து. தன் அனுபவத்தைச் சொன்னார். மேஜைக்கு அந்தப்பக்கம் இருந்தவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீங்க பரீட்சை நடத்தலாம் போல இருக்கு. எழுதத்தான் முடியாது" என்றார். கேலியாகச் சொல்லவில்லை. வருத்தப்பட்டுத்தான் சொன்னார்.

அதற்கப்புறம் கிடைத்த வேலையெல்லாம் பார்த்தார்.

மலேரியாவுக்கு மருந்தடிக்கிற கூட்டம் ஒன்று அந்தப் பக்கம் வந்தது. முதுகில் பம்பைக் கட்டிக்கொண்டு வீடு வீடாகச் சுவரில் டி.டி.டி. அடிக்க வேண்டும். அடித்த வீட்டுக் கதவில் நம்பரும் தேதியும் எழுத வேண்டும். சின்னமுத்துவுக்கு எழுத்து நன்றாக வரும் என்பதால் சேர்த்துக்கொண்டார்கள். லயங்களுக்குள் போனால் பெண்கள் பதறி எழுந்து, முந்தானையை இழுத்து விட்டு, "வாங்க டிரஸ்ஸரய்யா" என்பார்கள். பாயை விரிக்கப் போவார்கள். அவர் பாயைச் சுருட்டி வெளியே வைக்கச் சொல்லிவிட்டு மருந்தடிப்பார். மழை பிடித்ததும் கூட்டம் கலைந்தது. அடுத்த வருஷம் வேறு ஆட்களோடு வந்தார்கள்.

போடிமெட்டில் லாரிகள் நிற்கும் இடத்தில் ஒரு டீக்கடை. அதன் பக்கவாட்டுப் பலகையில் உட்கார்ந்து ஊருக்குக் கடுதாசி எழுதிக் கொடுத்தார். ஆள் வராத நாளில் கடைக்கே தண்ணீர் சுமந்தார். ஏலக்காய் பறிக்கிற காலத்தில் ஸ்டோரில் காய் உலர்த்த அடுப்புக்கு விறகு தள்ளினார். ஐம்பத்தேழில் தேர்தல் வந்தது. எந்தக் கட்சிக்காரன் வந்து கேட்டாலும் அவன் சின்னத்தைப் பாறையில் வரைந்தார். ஒரே பாறையில் இந்தப்பக்கம் ஒன்றும் அந்தப்பக்கம் இன்னொன்றுமாக வரைந்த நாளும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை சூரியநெல்லிச் சந்தையில் ஒரு சாக்கை விரித்து, பல் பிடுங்கினார், குழந்தைகளுக்குக் காது குத்தினார், புண் கழுவினார், ஊசியும் போட்டார். ஊசிக்குத்தான் கூட்டம். ஒரு நாள் சுகாதார இன்ஸ்பெக்டர் வந்து சாக்கின் ஓரத்தைக் காலால் மடித்துவிட்டு, இன்னொரு தடவை ஊசியைப் பார்த்தால் ஜெயில் என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றோடு ஊசியை விட்டார். மற்றதைச் செய்தார்.

ஒவ்வொரு இடத்தில் ஒவ்வொரு பெயர். மருந்தடிக்கிறவர் என்றார்கள், கடுதாசிக்காரர் என்றார்கள், பல்லுக்காரர் என்றார்கள், ஏலஸ்டோரில் 'ஏய், விறகு' என்றார்கள். எதற்கும் திரும்பிப் பார்க்கப் பழகிக்கொண்டார். இவ்வளவு வேலை பார்த்தும் வேலை இல்லாதவனைப் போலத்தான் அவருக்கு இருந்தது. ஒரு வேலை முடிந்து மறு வேலை வரும் வரைக்கும் உள்ள நாட்களில் சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவார். அழகுத்தாய் வந்து கால்மாட்டில் உட்காருவாள். ஒரு தடவை மட்டும், "அந்தக் களைவெட்டை அன்னைக்கே ஒத்துக்கிட்டிருக்கலாங்க" என்றாள். அவரும் அதற்குள் ஒரு முறை துரையிடம் போய்க் கேட்டிருந்தார். ஆள் குறைப்பு நடக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அதை அவளிடம் அவர் சொல்லியிருக்கவில்லை.

தேர்தல் வந்த அந்த வருஷம் ஆனி மாதம்தான் பாக்டரியில் இருளப்பன் கை ரோலரில் மாட்டியது.

இருளப்பன் கொழுந்தை உருட்டுகிற மிஷினில் வேலை செய்தவன். நல்ல திடமான ஆள். வலது கை மணிக்கட்டுக்கு மேல் வரை உள்ளே போய்விட்டது. மிக்கேல்ராஜ் தங்கச்சி கலியாணத்துக்கு ஊருக்குப் போயிருந்தான். பாக்டரியைப் பார்த்துக்கொண்ட டீமேக்கர் யோசிக்காமல் லயத்துக்கு ஆளை ஓடவிட்டார். பாயில் கிடந்த சின்னமுத்து மழையோடு மழையாக ஓடினார். போகிற வழியில் எதுவும் நினைக்கவில்லை. போனதும் கை தானாக வேலை செய்தது. இருளப்பனின் தலைத்துண்டை முழங்கைக்கு மேலே சுற்றி, குச்சி வைத்து முறுக்கி, ரத்தத்தை நிறுத்தினார். டீமேக்கரின் கடிகாரத்தைப் பார்க்கச் சொல்லி, கால் மணிக்கு ஒரு தரம் தளர்த்தி, திரும்ப இறுக்கினார்.

கம்பெனி லாரியில் போடிக்குக் கொண்டுபோனார்கள். டீமேக்கரும் கூட வந்தார். இருளப்பன் பெண்டாட்டி முத்துப்பேச்சி அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். பாதி மலையில் மண் சரிந்து ரோட்டை அடைத்திருந்தது. மூங்கிலில் சாக்கைக் கட்டி அவனைத் தூக்கிக்கொண்டு சேற்றில் இறங்கிக் கடந்து, அந்தப்பக்கம் இன்னொரு வண்டி பிடித்தார்கள். ஒன்றரை மணி நேர வழிக்கு நாலு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அவ்வளவு நேரமும் சின்னமுத்து அந்தக் குச்சியை விடவில்லை. ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர் கட்டைப் பார்த்துவிட்டு, "யாருய்யா கட்டினது? பொழச்சான்" என்றார். கையை முழங்கைக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று. ஆள் பிழைத்தான்.

மலையேறித் திரும்பியபோது சின்னமுத்துவுக்கு உடம்பு லேசாக இருந்தது. இரண்டு வருஷத்துக்கு அப்புறம் அன்றைக்குத்தான் அவர் வயிறாரச் சாப்பிட்டார் என்று அழகுத்தாய் பிற்பாடு சொல்லியிருக்கிறாள். கோட்டைத் துவைத்துக் காயப்போட்டார். துரை கூப்பிட்டு விடுவார் என்று இரண்டு நாள் காத்திருந்தார். மூன்றாம் நாள் ஆபீசிலிருந்து ஆள் வந்தது. போனார். கிளார்க்கு ஒருநாள் கூலியைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கினார். பெயருக்கு நேரே, மூட்டை ஏற்றிய ஆளுக்குப் போல, 'லாரி லோடு' என்று எழுதியிருந்தது. துரை உள்ளேதான் இருந்தார், வெளியே வரவில்லை.

அதோடு போயிருந்தால் கூடச் சகித்துக்கொண்டிருப்பார்.

கை போனதற்கு நஷ்டஈடு கேட்டு இருளப்பன் பேரில் யூனியன்காரர்கள் மனு போட்டார்கள். கம்பெனி பதில் எழுதியது. மிஷினில் நசுங்கியது விரல்கள்தான், சர்டிபிகேட் இல்லாத ஒருவர் கயிறு முறுக்குவதுபோல் நாலு மணி நேரம் முறுக்கி வைத்திருந்ததால்தான் கை செத்துப்போனது, அதற்குக் கம்பெனி பொறுப்பில்லை. அந்தக் காகிதத்தை யூனியன் ஆள் படித்துச் சொன்னபோது சின்னமுத்துவுக்கு முதலில் விளங்கவில்லை. இன்னொரு தரம் படிக்கச் சொன்னார்.

விசாரணை நடந்தது அடுத்த வருஷம் மாசியில். சின்னமுத்துவைச் சாட்சியாகக் கூப்பிட்டார்கள். அழகுத்தாயும் கூடப் போனாள், தனியாக விட அவளுக்குப் பயம். கோர்ட்டுக் கச்சேரியில் குமாஸ்தா தலை நிமிராமல் பெயர் கேட்டார், வயது கேட்டார். அப்புறம், "ஜோலி எந்தா?" என்று கேட்டார்.

என்ன வேலை என்று கேட்கிறார். மலையாளம் தெரியாமலில்லை. ஆனாலும் சின்னமுத்து வாயைத் திறக்க முடியாமல் நின்றார். டிரஸ்ஸர் என்று சொல்ல முடியாது. கடுதாசி எழுதுகிறவர் என்பதா, பல் பிடுங்குகிறவர் என்பதா, பாறையில் படம் போடுகிறவர் என்பதா? குமாஸ்தா இரண்டாம் தரம் கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல், 'கூலி' என்று எழுதிக்கொண்டார்.

கம்பெனி வக்கீல் குரலை உயர்த்தவே இல்லை. சர்டிபிகேட் உண்டா என்றார். இல்லை. சந்தையில் இன்ஸ்பெக்டர் எச்சரித்தது உண்டா? உண்டு. கட்டைக் கால் மணிக்கு ஒரு தரம் தளர்த்தியதாகச் சொல்கிறீரே, கையில் கடிகாரம் இருந்ததா? இல்லை, டீமேக்கரிடம் கேட்டுக் கேட்டுச் செய்தேன். டீமேக்கரைக் கேட்டார்கள். கலவரத்தில் அதெல்லாம் நினைவில்லை என்றார். அவருக்கு மூன்று பெண்பிள்ளைகள். கம்பெனி குவார்ட்டர்ஸில் இருந்தார். கட்டைப் பார்த்த டாக்டர் எங்கோ மாற்றலாகிப் போய்விட்டார். அவர் எழுதி வைத்ததில் எடுத்த கையைப் பற்றித்தான் இருந்தது, கட்டியவரைப் பற்றி ஒன்றுமில்லை.

கடைசியில் மிக்கேல்ராஜை நிறுத்தினார்கள். அவனிடம் ஒரே கேள்வி. ரத்தம் ஓடாமல் நாலு மணி நேரம் இறுக்கிக் கட்டினால் அந்தக் கை பிழைக்குமா?

மிக்கேல்ராஜ் தரையைப் பார்த்தபடி, பிழைக்காது என்றான்.

வெளியே மரத்தடியில் அவன் வந்து நின்றான். முகம் வெளுத்திருந்தது.

"அண்ணாச்சி, அவுங்க கேட்ட கேள்விக்குத்தான் பதில் சொன்னேன்."

"தெரியும் தம்பி. பதில் சரிதான்."

"நீங்க தளத்தியிருப்பீங்கன்னு எனக்குத் தெரியும்."

"அதை அவுங்க கேக்கலையே" என்றார் சின்னமுத்து.

அவன் ஜீப்புக்குப் போனான். கம்பெனி ஜீப்பில்தான் வந்திருந்தான்.

விரல்களுக்கு உண்டானதை மட்டும் கொடுத்தால் போதும் என்று முடிவாயிற்று. இருளப்பனுக்குக் குழந்தைகள் நாலு. இடது கையால் கூடை தூக்கவும் பழகவில்லை. தீர்ப்பைக் கேட்டுவிட்டு வருகிற வழியில் இருளப்பனும் முத்துப்பேச்சியும் இவர்களும் பஸ்ஸுக்காகக் காத்திருந்தார்கள். இருளப்பன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் சின்னமுத்துவுக்கு நன்றாக இருந்திருக்கும். அவன் வெறும் சட்டைக்கையை மடித்து மடித்துச் சொருகிக்கொண்டே சொன்னான்:

"நீங்க கட்டுன கட்டுலதான் உசுரு நின்னுச்சு டிரஸ்ஸரய்யா. அதுல பொய் இல்ல. அன்னைக்கே உசுரு போயிருந்தா இவளுக்குப் பணம் முழுசாக் கெடச்சிருக்கும், அவ்வளவுதான்."

முத்துப்பேச்சி அவன் வாயைப் பொத்தினாள். ஆனால் இல்லை என்று சொல்லவில்லை. சின்னமுத்து அதைப் பார்த்தார்.

அந்த விசாரணைக்கென்று அழகுத்தாய் வேலைக்குப் போகாத நாட்கள் ஐந்து. சொல்லிக்கொள்ளாமல் நின்றதாக மறுமாதம் அவள் பெயரை செக்ரோலிலிருந்து எடுத்தார்கள். பெயர் போனதும் லயமும் போயிற்று. இரண்டு மூட்டையும் ஒரு அண்டாவுமாக இறங்கி, போடிமெட்டுக்குத் தெற்கே ஒரு ஏலத்தோட்டத்தில் போய்ச் சேர்ந்தார்கள். ஓலை போட்ட சாளைக் குடிசை. அவளுக்குக் களை எடுக்கிற வேலை. அவருக்குத் தோட்டத்திலிருந்து ரோட்டுக்கு மூட்டை சுமக்கிற வேலை. ஒரு மைல் ஏற்றம். ஐம்பது வயதில் சுமை பழகினார். அங்கே யாருக்கும் அவரைத் தெரியாது. அது ஒரு ஆறுதல் என்று அவர் நினைத்தது அழகுத்தாய்க்குத் தெரியும். சந்தைக்குப் போவதை விட்டார். கடுதாசி எழுதித் தரச் சொல்லி யாராவது கேட்டால், எழுதத் தெரியாது என்றார்.

ஆனாலும் மலையில் பேச்சு எப்படியோ வந்து சேர்ந்துவிடும். அந்த ஐப்பசியில் களை எடுத்த பெண் ஒருத்திக்கு அரிவாள் காலில் இறங்கிவிட்டது. கெண்டைக்காலுக்குக் கீழே நல்ல ஆழம். கூட்டம் கூடி, ஒருவர் புகையிலையைக் கொண்டுவா என்கிறார், ஒருவர் மண்ணை அப்பு என்கிறார். அப்போது மூட்டையோடு பாதையில் வந்துகொண்டிருந்த சின்னமுத்துவைக் கங்காணி மறித்தார்.

"ஏப்பா, நீ கரடிப்பாறையில டிரஸ்ஸரா இருந்தியாமே. வந்து பாரு."

சின்னமுத்து மூட்டையை இறக்கவில்லை. "அது வேற ஆளு" என்றார்.

கங்காணி அவர் முகத்தைப் பார்த்துவிட்டு வழியை விட்டார். கூட்டத்தின் ஓரத்தில் நின்ற அழகுத்தாய் அதைக் கேட்டாள். கொஞ்ச நேரம் புருஷனையே பார்த்தாள். பிறகு புகையிலைக்காரரைத் தள்ளிவிட்டு, ஓடைத் தண்ணீரை மொண்டு ஊற்றிக் கழுவி, தன் படங்கைக் கிழித்து அந்தப் பெண்ணின் காலில் கட்டினாள். பார்த்துப் பார்த்துத் தெரிந்ததுதான். ஆனால் கட்டை, போட வேண்டிய இடத்துக்குக் கீழே இறக்கிக் கட்டிவிட்டாள். துணி சிவந்துகொண்டே வந்தது. பாதையில் நின்ற இடத்திலிருந்தே அது சின்னமுத்துவுக்குத் தெரிந்தது. அவர் நெற்றியில் சுமைக்கயிறு அழுந்தியிருந்தது. இரண்டு அடி அந்தப் பக்கம் வைத்தார். நின்றார். பிறகு ரோட்டைப் பார்த்து ஏறிப் போய்விட்டார்.

அந்தப் பெண்ணை ஜீப்பில் கீழே கொண்டுபோனார்கள் என்று மட்டும் தெரிந்தது. அன்றைக்குச் சாயங்காலம் அழகுத்தாய் கஞ்சியை ஊற்றி வைத்தாள். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்கவில்லை. அவர் குடித்து முடிக்கும் வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்:

"எந்த எடத்துல கட்டணும்னு எனக்காச்சும் சொல்லிக் குடுங்க. இனி எவளுக்காவது இப்படி ஆச்சுன்னா நான் போயிக்கிறேன். நீங்க வர வேண்டாம்."

அவர் கஞ்சிக் கும்பாவைக் கழுவி வைத்தார். படுத்துக்கொண்டார். அவள் அதற்கப்புறமும் இரண்டு மூன்று தடவை கேட்டுப் பார்த்தாள். சொல்லவே இல்லை. விடிந்தால் கயிற்றை எடுத்துக்கொண்டு மூட்டைக்குப் போய்விடுவார்.